மறு: கிளாடிகேஷன் – நொண்டலா, நடைக்கடுப்பா?

ஐயா, வணக்கம்.

நடந்தால் கால் வலித்து, நின்றால் விட்டுவிடும் "இன்டர்மிட்டன்ட் கிளாடிகேஷன்" என்ற நோய்க்குறிக்குத் தமிழில் "இடைவிட்ட நொண்டல்" என்று நீங்கள் தந்தது மூலச் சொல்லோடு பொருந்துகிறது. லத்தீனில் கிளாடிகேஷனுக்கு நொண்டுதல் என்றுதான் பொருள். ஆனால் தாராவியில் வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடும் என் வேலைக்கு அது ஒட்டவில்லை. நான் பார்க்கும் பாட்டி நொண்டுவதே இல்லை. 90 அடி ரோட்டில் சயான் பக்கம் நடப்பார். இட்லிக் கடை வந்ததும் ஆடுசதையைப் பிடித்தபடி நின்றுவிடுவார். இரண்டு மூன்று நிமிடம். அப்புறம் வலி இருந்த சுவடே இல்லாமல் நடப்பார். கேட்டால் "கடுக்குதும்மா" என்கிறார். நடக்கும்போது தசைக்கு ரத்தம் போதாமல் வரும் கடுப்பு. அதையே எடுத்து "நடைக்கடுப்பு" என்று வைக்கலாமே?

நாளெல்லாம் நின்று வேலை செய்பவர்களுக்கும் சாயங்காலம் கால் கடுக்குமே என்று அக்கா கேட்டிருந்தார். சரியான கேள்வி. அது பெரும்பாலும் சிரையில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில், ரத்தம் தேங்குவதால் வருவது. கால் வீங்கும், கணுக்கால் பக்கம் தோல் கறுக்கும், காலை உயர்த்தினால் சுகம். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் குழாயான தமனியில் அடைப்பு முற்றினால் நேர்மாறு: பாதம் சில்லிடும், உயர்த்தினால் வெளுக்கும், தொங்கவிட்டால்தான் வலி அடங்கும். பாட்டியின் மகள் பக்கத்து வீட்டில் வீங்கிய காலை உயர்த்தி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, காலுக்கு இரண்டு தலையணை அண்டக் கொடுத்திருந்தார். பாதம் வெளிறிக் கிடந்தது. எடுக்கச் சொன்னேன். தமனி, சிரை எல்லாவற்றையும் நம்மவர்கள் "நரம்பு" என்றே சொல்வதால் வரும் குழப்பம் இது.

குறிப்பேட்டில் நடைக்கடுப்பு என்று இருந்தால், அடுத்து வரும் நர்ஸ் சிரைப் புண் என்று நினைத்து இறுக்கக் கட்டுவதற்கு முன் கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார். 0.9-க்குக் கீழே என்றால் தமனியைச் சந்தேகிக்க வேண்டும். 0.5-க்குக் கீழே என்றால் இறுக்கக் கட்டவே கூடாது.

– – –

சகோதரி,

நொண்டலை விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: முதுகுத்தண்டில் நரம்பு நெருக்குண்டாலும் நடந்தால் கால் கடுக்கும். அது சும்மா நின்றால் விடாது. உட்கார வேண்டும், அல்லது முன்னால் குனிய வேண்டும். "தமனி நடைக்கடுப்பு", "நரம்பு நடைக்கடுப்பு" என்று பிரிக்கலாமா? இலங்கையில் தமனியை நாடி என்பார்கள். அவர்கள் "நாடி நடைக்கடுப்பு" என்று எழுதிக்கொள்ளலாம்.

– – –

ஐயா, தமனி சரி, நாடியும் சரி. "நரம்பு" மட்டும் வேண்டாம், இங்கே எல்லாமே நரம்புதான். "முதுகுத்தண்டு நடைக்கடுப்பு" என்று வையுங்கள்.