தாராவி வாடகை வீடு: புதுப்பிப்பு

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்தில் குடிவரலாமா, இரவுப் பணி முடித்து வரும் தங்கைக்குப் பாதுகாப்பா என்று முன்பு கேட்டிருந்தேன். வந்துவிட்டோம். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பயம் தேவையில்லை. தங்கை திரும்பும் நேரத்தில் நம்ம ஊர்க்காரர்கள் இட்லிக்கு அடுப்பு மூட்டிவிடுகிறார்கள். விடிந்ததும் சைக்கிளில் மும்பை முழுக்கப் போகிற இட்லி அது. சந்தில் விளக்கும் ஆளும் இருக்கும். "வாம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்கும் அக்காக்கள் உள்ள தெருவை ரவுடித் தெரு என்பவர்கள் மீது எனக்குக் கோபம்தான் வருகிறது.

உண்மையான ஆபத்து சாக்கடை. மூடுகல் உடைந்து கிடக்கிறது. கனமழையும் கடல் ஏற்றமும் சேர்ந்து வந்தால் வடிகால் நீர் கடலுக்குள் போக முடியாமல் தெருவில் தேங்கும். அதனால்தான் தரைத்தளத்தை விட்டு மாடி அறை எடுத்தோம்.

அப்புறம், இங்கே வீடு வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு: தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருக்கும் குடும்பங்களுக்குத்தான் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவச வீடு. மாடிக்காரர்களுக்குத் தாராவிக்கு வெளியேதான் வீடு, அதுவும் இலவசம் இல்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன், அந்தத் தேதிக்கு முன்பிருந்தே குடியிருந்ததைக் காட்டும் பழைய காகிதங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.