உப்புத் தண்ணீர், கச்சான் காற்று: ராமநாதபுரம் கடலோரத்தில் தொட்டிச் செடிகள்

(ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது பேசுகிறவரின் ஊர்.)

மண்டபம்:
செம்பருத்தி, குரோட்டன்ஸ் இலையெல்லாம் நுனியில் கருகுகிறது என்றுதான் இங்கே அதிகம் பேர் கேட்கிறார்கள். உரம் பத்தவில்லை என்று நினைத்து இன்னொரு கைப்பிடி போட்டால் கருகல் கூடத்தான் செய்யும், ஏனென்றால் ரசாயன உரமும் ஓர் உப்பு. முதலில் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் (கரைந்த உப்பை அளக்கிற கருவி) பாருங்கள். போர் தண்ணீர் 1500 காட்டினால் லிட்டருக்கு ஒன்றரை கிராம் உப்பு. 12 அங்குலத் தொட்டிக்குத் தினம் ஒரு லிட்டர் ஊற்றினால் 30 நாளில் 45 கிராம் உப்பு உள்ளே போய்விடும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயேதான் கிடக்கும்.

அதனால் நம்ம ஊருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கிற பழக்கம் ஆகாது. ஊற்றினால் அடி ஓட்டை வழியாக வெளியே வரணும். 2 லிட்டர் ஊற்றினால் அரை லிட்டராவது வடியணும். அடித்தட்டில் நிற்கிற தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள், விட்டால் மண் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். வடிகிற தண்ணீரையும் அளக்கலாம்: தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கழித்து 150 மில்லி மேலே ஊற்றி, கீழே சொட்டுவதைப் பிடித்துப் பாருங்கள். 3000-ஐத் தாண்டினால் தொட்டியைக் கழுவ வேண்டிய நேரம். கழுவுவது என்றால் தொட்டி மண்ணின் அளவைப் போல இரண்டு பங்கு தண்ணீர், ஒரேயடியாக இல்லாமல் மூன்று நான்கு தடவையாக. கோடையில் இவ்வளவு நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்விதான். ஐப்பசி, கார்த்திகை மழைதான் நமக்குக் கிடைத்த இலவசக் கழுவல். அப்போது அடீனியம் (அடி பருத்த பாலைவன ரோஜா), கள்ளி தவிர எல்லாவற்றையும் திறந்த வானத்தின் கீழ் தள்ளி வையுங்கள்.

இலை முழுக்கத் துவண்டு, தண்ணீர் விட்டதும் நிமிர்ந்தால் அது வெறும் தாகம். பழைய இலைகளில் ஓரம் பழுப்பாகக் காய்ந்து, அதற்கு உள்ளே மஞ்சள் கோடு ஓடினால் உப்பு.

கீழக்கரை:
மண்டபம் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் வைக்கிற அக்லோனிமா, கலாதியா, ஆந்தூரியம் மூன்றுக்கும் போர் தண்ணீரே காட்டக்கூடாது. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள், அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சத்தும் இல்லை என்பதால் 19:19:19 கலப்பு உரம் லிட்டருக்கு ஒரு கிராம், 15 நாளுக்கு ஒரு தடவை போதும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். உள்ளே போன தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம்.

ஏசி இல்லாத வீட்டில் மருள், மணிபிளான்ட், ரியோ வைத்துக்கொள்ளலாம். இவை ஓரளவு தாங்கும்.

ராமேஸ்வரம்:
இட்லிப்பூ இலை வெளிறி மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. உப்புதானா? மண் கலவையில் பாதி இங்கே வீட்டுப் பக்கத்து மணல்தான்.

உச்சிப்புளி:
இது உப்பு இல்லை, இரும்புச் சத்துக் குறைவு. புதுத் துளிரில் முதலில் தெரியும், பாருங்கள். கடற்கரை மணலில் சிப்பித் தூள் நிறைய. அது சுண்ணாம்பு. கார அமில அளவு (pH) 8-க்கு மேலே ஏறும், மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. மணலை உள்ளங்கையில் வைத்து எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நுரைக்கும், அந்த மணல் இட்லிப்பூவுக்கு ஆகாது.

கடையில் இரும்பு செலேட் (செடி எடுக்கும்படி இரும்பைப் பிணைத்து வைத்த உரம்) வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். இடிடிஏ வகை கார மண்ணில் சீக்கிரம் பயனற்றுப் போகும், இடிடிஎச்ஏ என்று போட்டிருந்தால்தான் வேர் வழியாக வேலை செய்யும். லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து ஒரு தொட்டிக்கு ஒரு லிட்டர். அது கிடைக்காவிட்டால் அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர், வடிகட்டி மாலையில் இலையில் தெளியுங்கள். 10 நாள் இடைவெளியில் மூன்று தடவை. சுவரிலும் டைல்ஸிலும் பட்டால் துருக்கறை போகாது. ஏற்கனவே மஞ்சளான பழைய இலை முழுசாகத் திரும்பாது, புது இலையைப் பார்த்துத்தான் முடிவு செய்யணும்.

நிரந்தர வழி மண்ணை மாற்றுவதுதான். செம்மண் 2 பங்கு, ஆற்று மணல் 1, நன்றாக மக்கிய ஆட்டு எரு 1, கழுவிய தென்னைநார்க் கழிவு 1. அந்தக் ‘கழுவிய’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். உப்புநீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து வருகிற நார்க்கழிவில் சோடியம் இருக்கும். 5 கிலோ கட்டியை 25 லிட்டர் தண்ணீரில் ஊறவிட்டு, பிழிந்து, வடிகிற தண்ணீரின் டிடிஎஸ் ஊற்றிய தண்ணீருக்குப் பக்கத்தில் வரும்வரை அலசணும். பிறகு கால்சியம் நைட்ரேட் 100 கிராம் கரைத்த தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து மறுபடி அலசினால் ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியமும் கழன்றுவிடும்.

தொண்டி:
அடீனியம் பற்றி. நம்ம வெயிலுக்கும் உப்புக்கும் நன்றாக ஈடுகொடுக்கிற பூச்செடி, ஆனால் வடகிழக்கு மழையில் அழுகிப்போகும். கலவை: செங்கல் சல்லி 2 பங்கு, பருமணல் 1, மக்கிய எரு 1. சல்லி பட்டாணி அளவு, தூளைச் சலித்து எடுத்துவிடுங்கள், தூள் தங்கினால் சேறாகி ஓட்டையை அடைக்கும். மழை தொடங்குமுன் தாழ்வாரத்துக்குள் எடுத்துவிடணும்.

கிழங்கை வாரம் ஒருமுறை விரலால் அமுக்கிப் பாருங்கள். எல்லாப் பக்கமும் சமமாகத் தளர்ந்திருந்தால் தண்ணீர் வறட்சி, கவலை இல்லை. ஒரு பக்கம் மட்டும் கொழகொழவென்று விரல் அமுங்கினால் அழுகல். அன்றைக்கே பிடுங்கி, கத்தியை டெட்டாலில் துடைத்து, பழுப்பு நிறம் ஒரு புள்ளிகூட இல்லாமல் வெள்ளைச் சதை வரும்வரை வெட்டுங்கள். காப்பர் ஆக்ஸிகுளோரைடு பூஞ்சைக் கொல்லியைக் குழைத்துத் தடவி நிழலில் 7 முதல் 10 நாள் தலைகீழாகத் தொங்கவிடணும். காய்ந்த கலவையில் நட்டு, இன்னொரு வாரம் கழித்துத்தான் தண்ணீர். வெட்டும்போது வடிகிற பால் விஷம், கண்ணில் படக்கூடாது.

மண்டபம்:
கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற ஆனி, ஆடி மாதங்களுக்கு: தென்மேற்குப் பக்கம் தடுப்பு வைக்கிறவர்கள் தகரம் அடிக்காதீர்கள். காற்று அதன் மேலே ஏறி மறுபக்கம் சுழன்று விழும், செடி இன்னும் முறியும். பனை ஓலைத் தட்டியை இடைவெளி விட்டுக் கட்டினால் பாதிக் காற்று ஊடே போய் வேகம் தணியும். பெருங்காற்று அடித்த மறுநாள் காலை, வெயில் ஏறுமுன், நல்ல தண்ணீரால் இலையை இருபுறமும் கழுவிவிடுங்கள்.

கரையில் ஒதுங்குகிற பாசியை அள்ளிவந்து அப்படியே தொட்டியில் போடாதீர்கள். அலசி, மழையில் போட்டு மக்கவைத்தால்தான் எரு. புட்டியில் வருகிற கடற்பாசிச் சாறு நல்லது, லிட்டருக்கு 5 மில்லி, இலையில் மட்டும்.

ஏர்வாடி:
கடலைப் பார்த்த மாடிக்குக் காகிதப்பூதான் முதல். பூக்கவில்லை என்றால் பெரும்பாலும் தண்ணீரும் தழைச்சத்தும் அதிகம். புதுக்கிளையில்தான் பூக்கும் என்பதால் ஒவ்வொரு கிளையிலும் நாலு கணு விட்டு வெட்டுங்கள். துளிர் விரல் நீளம் வந்ததும் இலை லேசாகத் தொங்கும்வரை தண்ணீரை நிறுத்தி, பிறகு வடிய வடிய ஊற்றுங்கள். இப்படி மூன்று நான்கு சுற்று. சாம்பல்சத்துக்குப் பொட்டாசியம் சல்பேட், 12 அங்குலத் தொட்டிக்கு 5 கிராம். மலிவு என்று மியூரியேட் பொட்டாஷ் போட்டால் அதிலிருக்கிற குளோரைடு ஏற்கனவே உப்பேறிய மண்ணில் போய்ச் சேரும்.

அரளியும் உப்புக் காற்றை அதே அளவு தாங்கும். ஆடு ஏறி வருகிற மாடி என்றால் வேண்டாம், இலை தின்றால் பிழைப்பது கஷ்டம்.