காரைக்குடியில பார்த்த பழைய தஞ்சாவூர் படம், வாங்கலாமா?

ஈசூன்_மீனா:
வணக்கம் எல்லாருக்கும். போன மாசம் ஊருக்குப் போனப்ப காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல ஒரு நாள் முழுக்க சுத்தினோம், எங்க வீட்டுக்காரர் பாதியிலயே காபிக்கடையில உக்காந்துட்டார். எனாமல் தூக்கு, மரப்பொட்டி, கண்ணாடியில வரைஞ்ச சாமி படம்னு கண்ணுல பட்டதெல்லாம் அள்ளிட்டு வரணும்போல இருந்துச்சு, ஆனா மனசு ஒரு தஞ்சாவூர் படத்துலயே நின்னுடுச்சு. வெண்ணெய் கிருஷ்ணர், ரெண்டடி உயரம். 120 வருஷம் பழசு, ஒரு செட்டியார் வீட்டுலேர்ந்து வந்ததுங்கிறார் கடைக்காரர். ஒன்றரை லட்ச ரூபா. சிங்கப்பூருக்கு நானே பேக் பண்ணி அனுப்பிடுறேன், பேப்பரெல்லாம் ஒரு பிரச்சனையும் இல்லம்மாங்கிறார். போட்டோ மட்டும் எடுத்துட்டு வந்துட்டேன், இப்ப தூக்கம் வரல. நெசமாவே பழசான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இங்க சிங்கப்பூர்ல எங்க வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு ஹால்ல மாட்டினா தாங்குமா?

பழையசாமான்_அங்கிள்:
தங்கச்சி, காசு குடுக்காம வந்தீங்களே, நல்ல வேளை. இந்தியாவுல 1972ல போட்ட தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டின ஓவியம், சிலை, மர வேலைப்பாடு எதையும் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது, பழைய சுவடின்னா 75 வருஷம்தான் கணக்கு. பார்க்கப் பழசா இருக்கற பொருளைக் கொண்டு வரணும்னா "இது தொல்பொருள் இல்ல"ன்னு இந்தியத் தொல்லியல் துறைகிட்ட சர்டிபிகேட் வாங்கணும். இப்ப யோசிங்க, 120 வருஷம்னா அந்த சர்டிபிகேட் கிடைக்காது, சர்டிபிகேட் கிடைச்சா அது 120 வருஷம் இல்ல. அவர் ஒன்னு வயசுல பொய் சொல்றார், இல்ல பேப்பர்ல. நம்ம ஏசியன் சிவிலைசேஷன்ஸ் மியூசியமே 2007ல நியூயார்க் டீலர்கிட்ட ஆறரை லட்சம் அமெரிக்க டாலர் குடுத்து வாங்கின உமா பரமேஸ்வரி சிலையை, திருட்டுப் பொருளா இருக்கலாம்னு தெரிஞ்சு 2015ல இந்தியாவுக்குத் திருப்பிக் குடுக்க வேண்டியதாப் போச்சு. அவ்ளோ பெரிய எடத்துக்கே அப்படின்னா நம்மள்லாம் எந்த மூலைக்கு.

கொலுப்படி9:
அங்கிள் சொன்னது சரி. படத்தைப் பின்பக்கம் திருப்பிப் பார்க்க விட்டாரா? அந்தக் காலத்துல பலாப்பலகை மேல துணி ஒட்டி அதுக்கு மேல சுண்ணாம்புப் பொடியும் பசையும் பூசி வரைவாங்க, இப்ப எல்லாம் பிளைவுட். ஆனா பழைய பலகையும் துருப்பிடிச்ச ஆணியும் சட்டமும் தனியா விலைக்குக் கிடைக்குது, அதனால பின்பக்கத்தை மட்டும் நம்பாதீங்க. தங்கம் ரொம்பப் பளபளன்னு இருந்தா சந்தேகப்படுங்க, பழைய ரேக் (தங்கத் தாள்) கொஞ்சம் அடங்கித்தான் மின்னும்.

இன்னொன்னு, இங்க வருஷம் முழுக்க காத்துல ஈரப்பதம் சராசரியா எண்பது சதவீதம் பக்கம். ராத்திரி ஏர்கான், பகல்ல ஜன்னல் தொறந்து வச்சா பலகை சுருங்கி விரிஞ்சு அந்த மக்கு வேலை (சுண்ணாம்புப் பசையில மேடா எழுப்பினது) ஓரமாத் தூக்கிக்கும், கல்லு உதிரும், எனக்கு நடந்துருக்கு. பாத்ரூம் சுவருலயும் மழைத்தண்ணி அடிக்கிற வெளிச்சுவருலயும் மாட்டாதீங்க, விளக்கு சாம்பிராணிக்கு மேல சத்தியமா வேணாம். என்னைக் கேட்டா தஞ்சாவூர் போய் வரையறவங்ககிட்டயே புதுசு வாங்குவேன், காசு அவங்க கைக்கே போகும்.

தேக்கா_ராசா:
எதுக்கு காரைக்குடி வரைக்கும் போறீங்க, இங்கயே கிடக்குது. சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை 2017 ஜூலையில மூடினதுக்கு அப்புறம் நான் காரங்குனி (வீடு வீடா பழைய சாமான் எடுக்கற) ஆளுங்களைத்தான் பிடிச்சு வச்சிருக்கேன். வீடு காலி பண்றப்ப ரவிவர்மா படமெல்லாம் தூக்கிப் போடுறாங்க, மனசு தாங்கல. ரவிவர்மா அச்சகம் ஆரம்பிச்சது 1894. அந்தக் கால கல்லச்சுப் (லித்தோகிராஃப்) படமா பின்னாடி அடிச்ச காப்பியான்னு பார்க்க லென்ஸ் ஒன்னு போதும். கல்லச்சுல புள்ளி கையால வச்ச மாதிரி கன்னாபின்னான்னு இருக்கும், புது பிரிண்ட்ல புள்ளியெல்லாம் வரிசையா நிக்கும். போன தீபாவளிக்கு முன்னாடி ஒரு சரஸ்வதி 40 வெள்ளிக்குக் கிடைச்சுச்சு லா. தந்த வேலைப்பாடு உள்ள பொட்டி யாராச்சும் வித்தா மட்டும் கிட்டவே போகாதீங்க, 2021 செப்டம்பர்லேர்ந்து இங்க யானைத் தந்தம் விக்கிறது குத்தம்.

ஈசூன்_மீனா:
அப்பாடா, எல்லாருக்கும் நன்றி, கிருஷ்ணரை விட்டுட்டேன், கொஞ்சம் அழுகை வந்துச்சு. ஆனா கேளுங்க, இதைப் பத்தி மாமியார்கிட்ட பேசிட்டிருந்தப்ப அவங்க கட்டிலுக்கு அடியிலேர்ந்து ஒரு மைலோ டின்னை எடுத்தாங்க. உள்ள ஒரு ஜோடி மரப்பாச்சி! அவங்க அம்மா கப்பல்ல வர்றப்ப நாகப்பட்டினத்துலேர்ந்து கொண்டு வந்ததாம், மூக்கெல்லாம் தேஞ்சு அவ்ளோ அழகா இருக்கு. பிரச்சனை என்னன்னா அடியில பொடிப்பொடியா மரத்தூள் கொட்டுது. என்ன பண்ண?

கொலுப்படி9:
வண்டு இருக்கு. மண்ணெண்ணெய், வார்னிஷ் எதுவும் தடவாதீங்க! மியூசியத்துலயும் பண்ற வேலைதான், பிளாஸ்டிக் பையில காத்து போகாம ரெண்டு சுத்து சுத்தி ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைங்க. வெளிய எடுத்ததும் பையைப் பிரிக்காம ஒரு நாள் அப்படியே விடுங்க, இல்லனா மரத்து மேல தண்ணி கோத்துக்கும். வெறும் மரத்துக்குத்தான் இது, பெயிண்ட் அடிச்சதுன்னா வேணாம்.

ஈசூன்_மீனா:
ஃப்ரீசர்லயா? எங்க வீட்டு ஃப்ரீசர்ல முழுக்க மீனும் எறாவும்தான், கொலுவுல வைக்கிற பொம்மையை அதுக்கு நடுவுல வச்சேன்னா மாமியார் என்னை வெளிய அனுப்பிடுவாங்க. எதுத்த வீட்டு அக்கா சுத்த சைவம், அவங்ககிட்ட ஒரு தட்டு எடம் கேட்டுப் பாக்குறேன்.