மாமாவுக்குச் சொட்டைன்னா எனக்கும் வருமா? தாய்வழிக் கதை உண்மையா?

கீழக்கரை சபுராளி:
எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். வயசு 26, ஊர் கீழக்கரை, வேலை துபாய்ல, இப்ப லீவுல வந்திருக்கேன். ஒரு வருசமா நெத்தி ரெண்டு ஓரமும் மேல ஏறிட்டே போகுது, உச்சந்தலையிலயும் லைட் வெளிச்சத்துல தோல் தெரியுது. வாப்பாவுக்கு 60 தாண்டியும் முடி அப்படியே இருக்கு, ஆனா உம்மா கூடப்பொறந்த மாமா ரெண்டு பேருக்கும் 30 வயசுலயே முழுச் சொட்டை. உனக்கு மாமா வாகு, ஒண்ணும் பண்ண முடியாதுன்னு உம்மா சொல்றாக. அப்படின்னா என் காக்காவுக்கு, அதாவது அண்ணனுக்கு, 31 வயசாச்சே, அவருக்கு ஒண்ணும் ஆகலயே, ஒரே உம்மா ஒரே வாப்பா, இது எப்படி? லாத்தா (அக்கா) என்னடான்னா துபாய் தண்ணிதான் காரணம்னு ஒத்தக் கால்ல நிக்கிறாக. எச்சில வாங்கி ஜீன் டெஸ்ட் பண்ணித் தர்றோம்னு விளம்பரம் வேற வருது, பண்ணலாமா? வீட்டுல பொண்ணு பாத்துட்டு இருக்காக, அதான் அவசரம். சிரிக்காதீங்கப்பா.

பாம்பன் காத்து:
தம்பி, மொதல்ல தண்ணி மேல பழி போடுறத விடுங்க. நாங்க கடத்தண்ணியில நனைஞ்சு காஞ்சு அதே உப்போட தூங்கி எந்திரிக்கிற ஆளுங்க, எங்க தெருவுல ஒரே போட்ல போற அண்ணன் தம்பியில ஒருத்தனுக்கு சீப்பு இறங்காது, இன்னொருத்தனுக்கு சீப்பே தேவையில்ல. உப்புத் தண்ணியில முடி வறளும், சிக்காகும், நுனி ஒடியும், அவ்வளவுதான். ஏர்வாடியிலயோ ராமேஸ்வரத்துலயோ மொட்டை போட்டா அடர்த்தியா வளரும்னு ஒரு கூட்டம் கிளம்பி வரும் பாருங்க, நேர்த்திக்கடன்னா தாராளமா போடுங்க, முடிக்காகன்னா வேணாம். வேர் தோலுக்கு உள்ள இருக்கு, வெளிய சிரைக்கிறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

தேவிபட்டினம் பயோடெக்:
நான் ஜெனடிக்ஸ் படிச்சவ, அதனால இது கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க. உங்க உம்மா சொல்றதுல பாதி சரி. ஆண் ஹார்மோன உணர்ற ரிசப்டாரோட ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, ஆம்பளைக்கு இருக்கிறது ஒரே எக்ஸ், அது அம்மாகிட்ட இருந்து மட்டும்தான் வரும், வழுக்கையில ரொம்ப வலுவா தெரியுற ஜீன்கள்ல அது ஒண்ணு, அதனாலதான் தாய்வழின்னு பேச்சு வந்துச்சு. ஆனா உங்க உம்மாகிட்ட இருக்கிறது ரெண்டு எக்ஸ், ஒண்ணு அவங்க வாப்பா குடுத்தது, இன்னொண்ணு அவங்க உம்மா குடுத்தது. மாமாமாருக்கு எக்ஸ் வந்தது அவங்க உம்மாகிட்ட இருந்து மட்டும். உங்களுக்கு அந்த ஜீன் ரெண்டு பக்கத்துல எந்தப் பக்கத்துது வேணா வந்திருக்கலாம், காசு சுண்டுற மாதிரிதான், உங்களுக்குத் தலை விழுந்தா காக்காவுக்குப் பூ விழுந்திருக்கலாம். அதனால மாமாவ மட்டும் பாக்காம உம்மாவோட வாப்பாவுக்கு எப்படி இருந்துச்சுன்னும் கேளுங்க.

இதோட முடியல. பிரிட்டன்ல 52,000 ஆம்பளைங்களுக்கு மேல வச்சு 2017ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, அதுல வழுக்கையோட தொடர்புள்ள மரபணு இடம் 287 கிடைச்சுச்சு, எக்ஸ்ல இருந்தது அதுல 40தான். மிச்சமெல்லாம் வாப்பா உம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வர்ற மத்த குரோமோசோம்கள்ல இருக்கு. அதனால வாப்பாவுக்கு முடி இருக்குங்கிறதும் கணக்குல சேரும், ஆனா தன் தலையில காட்டாத ஜீனயும் அவர் உங்களுக்குக் குடுத்திருக்கலாம். இரட்டையர வச்சுப் பாத்த ஆராய்ச்சிகள்ல பரம்பரைப் பங்கு சுமார் 80 சதவீதம்னு வந்திருக்கு.

ஜீன் மட்டும் இருந்தாலும் பத்தாது, ஹார்மோன் வேணும். 1942லயே ஹாமில்டன்னு ஒரு அமெரிக்கர் இதக் காட்டிட்டாரு. வயசுக்கு வர்றதுக்கு முந்தியே விரை எடுக்கப்பட்டவங்களுக்கு வழுக்கை விழல, அவங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன்கிற ஆண் ஹார்மோன் குடுத்தா குடும்பத்துல வழுக்கை இருக்கிறவங்களுக்கு விழ ஆரம்பிச்சுச்சு. அப்புறம் டொமினிகன் குடியரசுல சில கிராமங்கள்ல பொறக்கும்போது பொண்ணு மாதிரி இருந்து வயசுக்கு வரும்போது ஆம்பளையா மாறுன பிள்ளைங்களப் பத்தி 1974ல எழுதுனாங்க, அவங்க உடம்புல டெஸ்டோஸ்டிரோன டிஹெச்டிங்கிற இன்னும் வலுவான ஹார்மோனா மாத்துற என்சைம் சரியா வேலை செய்யல. பெரியாளானப்புறம் அவங்களுக்கு நெத்தி ஏறல, புராஸ்டேட்டும் சின்னதாவே இருந்துச்சு. முடி வேர சுருக்குறது இந்த டிஹெச்டிதான். ஒவ்வொரு சுத்துலயும் முடி மெலிசாகி, குட்டையாகி, கடைசியில பூனை முடி ஆயிடும். அந்த என்சைமத் தடுக்குற பினாஸ்டிரைடு மாத்திரையே இந்தக் கிராமத்து விசயத்துல இருந்து பொறந்ததுதான்.

ஜீன் டெஸ்ட் என்னைக் கேட்டா வெட்டிச் செலவு. பெரிய ஆராய்ச்சியெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பிய ஆம்பளைங்கள வச்சுப் பண்ணுனது, நம்ம ஆளுக்கு அதே கணக்கு அப்படியே பொருந்தாது. தவிர ரிசல்ட்ட விட கண்ணாடி தெளிவா சொல்லிருச்சே!

ராம்நாடு மெடிக்கல்:
நான் மருந்துக்கடை வச்சிருக்கேன், டாக்டர் இல்ல. தினமும் யாராவது ஒரு தம்பி வந்து காதோட காதா மினாக்சிடில் கேப்பான். அது மொதல்ல பிரஷர் மாத்திரை, சாப்பிட்டவங்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைச்சதப் பாத்துதான் தலைக்குத் தடவுற மருந்தா மாத்துனாங்க, அமெரிக்காவுல 1988ல அனுமதி கெடைச்சுச்சு. ஆம்பளைங்களுக்கு வழக்கமா 5 சதவீதம், காலைல ராத்திரி ஒவ்வொரு மில்லி, முடியில இல்ல தோல்ல படணும். ஆரம்பத்துல சில வாரம் இருக்கிறதும் கொட்டும், அதப் பாத்துப் பயந்துதான் பாதிப் பேரு பாட்டில தூக்கிப் போடுறான். பலன் தெரிய குறைஞ்சது நாலு மாசம் ஆகும், நிறுத்துனா வந்தது திரும்பப் போயிரும், இதச் சொல்லித்தான் விக்கிறேன்.

பினாஸ்டிரைடு 1 மில்லிகிராம் டாக்டர் சீட்டு இல்லாம நான் தரமாட்டேன். 1997ல முடிக்குன்னு வந்த மருந்து, உச்சந்தலைக்கு நல்லா வேலை செய்யும், இருக்கிறதக் காப்பாத்தும். ஆனா கொஞ்சப் பேருக்கு ஆசை குறையும், விறைப்பு குறையும், விந்து அளவு குறையலாம், மனசு டல்லாகுறதும் உண்டு. பெரும்பாலும் நிறுத்துனா சரியாகும், சிலர் நிறுத்துனப்புறமும் போகலன்னு சொல்றாக. கல்யாணம் பண்ணப் போற ஆளு, அதனால இத டாக்டர்கிட்ட வெக்கப்படாம பேசுங்க. கர்ப்பமா இருக்கிற பொம்பளைங்க ஒடைஞ்ச மாத்திரையத் தொடக்கூடாது, வயித்துல இருக்கிற ஆண் குழந்தைக்கு ஆகாது.

நட்டு வைக்கிற ஆபரேசனுக்கு 26 வயசுல ஓடாதீங்க. பின்மண்டையில இருந்து எடுத்து வைக்கிற முடி நிக்கும், சுத்தி இருக்கிற பழைய முடி கொட்டிக்கிட்டே போகும், அப்புறம் நடுவுல தீவு மாதிரி தெரியும். ஆபரேசன டாக்டர்தான் பண்ணணும்னு தேசிய மருத்துவ ஆணையம் 2022ல வழிகாட்டுதல் போட்டிருக்கு, ஆபர் போட்டுக் கூப்பிடுற இடத்துல யாரு கையில கத்தி இருக்குன்னு கேளுங்க. எண்ணெய் பத்தி கேக்காதீங்க, கரிசலாங்கண்ணி தேச்சா முடி பளபளன்னு இருக்கும், டிஹெச்டிக்கு அது தெரியாது.

மண்டபம் அக்கா:
தம்பி, திடீர்னு கொத்துக் கொத்தா கொட்டுனா அது வேற கதை. டெங்கு, டைபாய்டு, பிரசவம் இதெல்லாம் முடிஞ்சு ரெண்டு மூணு மாசத்துல கொட்டும், தானா திரும்பி வரும். எனக்கு சின்னவன் பொறந்தப்புறம் அப்படித்தான், மாமியார் கண்ணு பட்டுருச்சுன்னு சுத்திப் போட்டாக. வட்ட வட்டமா வழவழன்னு போனா அது புழுவெட்டு, அதுவும் பரம்பரைச் சொட்டை இல்ல, நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே வேரத் தாக்குறது, ஸ்கின் டாக்டர்கிட்ட காட்டணும். பொம்பளைங்களுக்கு வகிடு அகலமாகிட்டே போனா ரத்தம், தைராய்டு ரெண்டும் டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்.

கீழக்கரை சபுராளி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. உம்மாகிட்ட கேட்டேன், அவங்க வாப்பாவுக்கு கடைசி வரைக்கும் நல்ல முடியாம், அப்ப காக்காவுக்கு அந்தப் பக்கம் வந்திருக்கும் போல. ராம்நாட்ல ஸ்கின் டாக்டரப் பாக்க டோக்கன் போட்டிருக்கேன். மினாக்சிடில் மட்டும் இப்பவே ஆரம்பிக்கலாமா?

பாம்பன் காத்து:
அண்ணே, நடுவுல எனக்கும் ஒண்ணு. நான் தடவ ஆரம்பிச்சா கடலுக்குப் போற நாள்ல என்ன பண்றது, வேர்வையும் தண்ணியும் தலையிலதான் அடிக்கும்.

ராம்நாடு மெடிக்கல்:
சபுராளி தம்பி, டாக்டரப் பாத்துட்டு ஆரம்பிங்க, நெஞ்சு படபடப்பு, பிரஷர் ஏதும் இருந்தா மறைக்காம சொல்லுங்க. பாம்பன் தம்பி, தடவுனா நாலு மணி நேரமாவது தலை நனையக் கூடாது, போட் ஏறுறதுக்கு முந்தி தடவுனா வீண். கரைக்கு வந்து குளிச்சுத் தலை காஞ்சப்புறம் தடவுங்க, ஒரு வேளை விட்டுப்போனா அடுத்த தடவை டபுளாப் போடாதீங்க. இன்னொண்ணு, மீன் வர்ற வீட்டுல பூனை இல்லாம இருக்காது. இந்த மருந்து பூனைக்கு விஷம், கொஞ்சம் நக்குனாலே செத்துப் போகலாம். தடவுன கையக் கழுவுங்க, தலகாணி உறைய தனியா வைங்க, பூனைய பக்கத்துல படுக்க விடாதீங்க.