3 ஏக்கர் மனைப்பிரிவு: 20 அடி ரோடு மூன்றா, 30 அடி ரோடு இரண்டா?

மனைக்கோடு:
செய்யாறு பக்கம் 3 ஏக்கர் நிலம். கிழக்கே பஞ்சாயத்து ரோட்டை ஒட்டி 80 மீ முகப்பு, மேற்கே 152 மீ ஆழம். தெற்கு எல்லையில் வாய்க்கால். வடமேற்கிலிருந்து தென்கிழக்காக இரண்டடி வாட்டம். கிழக்கு மேற்காக 20 அடி ரோடு மூன்று போட்டால், 33 அடி ஆழத்தில் ஆறு வரிசை மனை கிடைக்கிறது. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதிக்கு இது தேறுமா?

அளவுச்சங்கிலி:
தேறாது சார். மனைப்பிரிவுத் தெருவுக்கு 7.2 மீட்டராவது வேண்டும். அதுவும் 120 மீ வரையிலான குட்டைத் தெருவுக்குத்தான். உங்கள் தெரு 152 மீ, எனவே 9 மீ என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ரோடு என்றால் 27 மீ போய்விடும். மனை ஆழம் 29 அடியாகச் சுருங்கும், நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு ரோட்டுக்கே போகும்.

இரண்டு ரோடு போடுங்கள். (80 − 18) ÷ 4 = 15.5 மீ, அதாவது 50 அடிக்குச் சற்று மேல். 30க்கு 50 அடி மனை அழகாக உட்காரும். மேற்குக் கோடியில் இரண்டையும் 9 மீ குறுக்கு ரோட்டால் இணையுங்கள். குப்பை வண்டியும் தீயணைப்பு வண்டியும் பின்னால் எடுக்காமல் சுற்றி வரலாம். பக்கத்து நிலம் நாளை பிரிக்கப்பட்டால் இணைப்பும் தயார்.

ரோடு மொத்தம் 3,015 ச.மீ., ஏறக்குறைய 25 சதவீதம். நிலம் 10,000 ச.மீட்டரைத் தாண்டுவதால் திறந்தவெளி ஒதுக்கீட்டை, அதாவது பூங்காவுக்கான பங்கை, இடமாகத்தான் தர வேண்டும், பணம் கட்டித் தப்ப முடியாது. மொத்தப் பரப்பில் 10% என்று போடுவதுதான் வழக்கமான தவறு. ரோட்டைக் கழித்த 9,145-இல் 10%, அதாவது 914 ச.மீ. நடு வரிசையில் 31 × 29.5 மீ விட்டால் சரியாக வரும், இரு ரோட்டிலிருந்தும் பூங்காவுக்குள் நுழையலாம். நலிந்த பிரிவினருக்கான மனைகளுக்கும் இதே 10%.

மனைக்கோடு:
நன்றி சார். ஆனால் பாதி மனை தெற்குப் பார்த்து வருகிறதே. வாங்குபவர்கள் கிழக்கு வாசல்தான் கேட்கிறார்கள். ரோட்டைத் தெற்கு வடக்காகத் திருப்பலாமா?

அளவுச்சங்கிலி:
திருப்பலாம். எல்லையோரமாக 152 மீட்டருக்கு 9 மீ முதுகு ரோடு (தெருக்கள் பிரியும் முக்கிய ரோடு) ஒன்று, அதிலிருந்து 71 மீ நீளத்தில் 7.2 மீ தெரு நான்கு. மனை ஆழம் 15.4 மீ, கிட்டத்தட்ட அதே. ரோடு மட்டும் 3,413 ச.மீ. ஆகும். கூடுதல் 398 ச.மீ., மூன்று மனை அளவு. நான்கு தெருவும் முட்டுச்சந்து. பாதி மனை மேற்குப் பார்த்து மாலை வெயிலை வாங்கும். என் ஓட்டு பழைய வரைவுக்கே.

வாட்டமட்டம்:
எந்த வரைவானாலும் முதலில் மட்டம் எடுங்கள். பஞ்சாயத்து ரோடு உங்கள் நிலத்தைவிட உயரமா? உயரமென்றால் மழைநீர் கிழக்கு வாசலிலேயே தேங்கும். வடிகாலுக்கு 300க்கு 1 வாட்டம் வைத்தாலே 152 மீட்டரில் அரை மீட்டர் இறங்க வேண்டும். வாய்க்காலின் அடிமட்டம் அதற்கும் கீழே இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு சிக்கல், தெற்கு வரிசை மனைகள் வாய்க்காலை அடைத்துக்கொள்கின்றன. தென்கிழக்கில், தாழ்வான இடத்தில், இரண்டு மனைக்கு நடுவே 3 மீ பட்டை விட்டு வடிகாலை இறக்குங்கள். வடக்கு ரோட்டு நீரைப் பூங்கா ஓரமாகக் குழாயில் தெற்கு ரோட்டு வடிகாலுக்குக் கொண்டுவந்து சேர்க்கலாம். அந்தப் பட்டையை வரைபடத்தில் வடிகால் என்றே குறித்து, ரோடு, பூங்காவோடு சேர்த்துத் தானப் பத்திரத்தில் கொடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் பக்கத்து மனைக்காரர் காம்பவுண்டுக்குள் இழுத்துக்கொள்வார், அடுத்த ஐப்பசியில் தெருவே குளமாகும்.

புல வரைபடத்தில் வண்டிப்பாதையோ கிளை வாய்க்காலோ நிலத்தின் குறுக்கே ஓடினால், இன்று மண் மூடிக் கிடந்தாலும் அதன்மேல் மனை போடாதீர்கள்.

முக்கு மனைகளில் முனை வெட்டையும் (வண்டி திரும்ப மனையின் மூலையை முக்கோணமாக ரோட்டுக்கு விடுவது) கழித்து அளவு எழுதுங்கள். 3 × 3 மீ வெட்டினால் 48 சதுர அடி குறையும். பத்திரத்தில் முழு அளவு எழுதிவிட்டு, அளக்கும்போது குறைந்தால் வாங்கியவர் உங்களிடம்தான் வந்து நிற்பார்.