நெருக்கடிக் காலத்தில் நீண்டகாலத்துக்கு ஏற்ற பங்கு எது, வெறும் மலிவான பங்கு எது?

மாட்டுங்காவாசி:

வணக்கம். நான் மும்பை மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவன். வயது 36. அந்தேரியில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எட்டு ஆண்டுகளாக வங்கியில் வைப்பு நிதியாகச் சேர்த்த 14 லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. அடுத்த பெரிய சரிவு வரும்போது அந்தப் பணத்தை மொத்தமாகப் பங்குகளில் போட்டு, இருபது ஆண்டுகள் தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்று எண்ணியிருக்கிறேன்.

இந்த எண்ணம் வந்ததற்குக் காரணம் உண்டு. 2008 ஜனவரியில் மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 21,000 புள்ளிகளைத் தொட்டது. அதே ஆண்டு நவம்பரில் அது 9,000-ஐ ஒட்டித் தள்ளாடிக்கொண்டிருந்தபோது, என் தந்தை பதினைந்து ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக வாங்கிய பங்குகள் அனைத்தையும் விற்றுவிட்டார். 2010 தீபாவளியன்று சென்செக்ஸ் மறுபடியும் 21,000-க்கு வந்து நின்றது. இரண்டே ஆண்டுகள் பொறுத்திருந்தால் போதும் என்ற எண்ணம் இன்றுவரை எங்கள் வீட்டில் ஆறாத வருத்தமாக இருக்கிறது. அவர் செய்த தவற்றை நான் செய்யக் கூடாது. சரிவின் நடுவே நிற்கும்போது நல்ல பங்கை எப்படி அடையாளம் காண்பது, அதற்கு எதையெல்லாம் படிக்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கோட்டைப் பழையவர்:

தம்பி, நான் மும்பைப் பங்குச் சந்தை இருக்கும் தலால் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு தரகு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் 27 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொல்லும் அந்த 2008-ஆம் ஆண்டில், அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை, சென்செக்ஸ் ஒரே நாளில் 1,070 புள்ளிகள் இறங்கி 8,701-ல் முடிந்தது. தீபாவளிக்கு நான்கு நாட்கள் இருந்தன. என் மேசையில் இரண்டு தொலைபேசிகள். கடன் வாங்கிப் பங்கு வாங்கியிருந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து, மதியத்துக்குள் மார்ஜின் பணம், அதாவது விலை இறங்கியதால் கடனுக்கு ஈடாகக் கூடுதலாகக் கட்ட வேண்டிய தொகை, கட்டாவிட்டால் உங்கள் பங்குகளை நாங்களே விற்றுவிடுவோம் என்று சொல்வதுதான் அன்றைய வேலை. ஒரு வாடிக்கையாளர், விற்பதென்றால் அந்த மருந்து கம்பெனிப் பங்கை மட்டுமாவது கடைசியாக விற்க முடியுமா என்று கேட்டார். அதற்குத்தான் வாங்க ஆள் இருந்தது என்பதால் அதையே முதலில் விற்க வேண்டியதாயிற்று.

நெருக்கடியில் நல்ல நிறுவனங்களின் பங்கு மலிவாகக் கிடைப்பது இப்படித்தான். விற்றவருக்கு அந்த நிறுவனத்தின் மேல் நம்பிக்கை போய்விடவில்லை, பணம் கட்ட வேண்டிய கெடு வந்துவிட்டது, அவ்வளவே. 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 3,935 புள்ளிகள் விழுந்து 25,981-ல் முடிந்தபோதும் இதைத்தான் பார்த்தோம். தாமாக விற்றவர்களைவிட விற்க வேண்டிய கட்டாயத்தில் இருந்தவர்களே அதிகம்.

ஆனால் நிறுவனமே உள்ளுக்குள் உடைந்துபோனதால் விழும் பங்குகளும் அதே நாளில் அதே சிவப்பு நிறத்தில்தான் திரையில் தெரியும். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் பங்கு 2008 ஜனவரியில் 800 ரூபாய்க்கு மேல் இருந்தது. 2009 மார்ச்சில் 200 ரூபாய்க்கும் கீழே வந்தது. கால்வாசி விலைக்குக் கிடைக்கிறதே என்று அப்போது ஆசையோடு வாங்கியவர்களை நான் அறிவேன். கடன் சுமை தாங்காமல் 2019-ல் அந்நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனபோது பங்கின் விலை சில ரூபாய்களாகிவிட்டது. எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்து எதையும் வாங்காதீர்கள். அடுத்த இரண்டு ஆண்டுகள் ஒரு வங்கியும் புதிதாகக் கடன் தராவிட்டாலும் இந்த நிறுவனம் பிழைத்திருக்குமா என்று கேளுங்கள்.

செம்பூர் கணக்காளர்:

ஐயா சொன்ன அந்தக் கேள்விக்கு விடை ஆண்டறிக்கையில் இருக்கிறது. பட்டயக் கணக்காளராகப் பதினெட்டு ஆண்டுகள் இதே வேலையில் இருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். முன்பக்கத்து வண்ணப் படங்களையும் தலைவரின் உரையையும் தாண்டி, சொத்தையும் கடனையும் பட்டியலிடும் இருப்புநிலைக் குறிப்புக்குப் பின்னால் வரும் விளக்கக் குறிப்புகளுக்குப் போங்கள். மொத்தக் கடன் எவ்வளவு என்பதைவிட, அதில் அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்குள் திருப்ப வேண்டியது எவ்வளவு என்பதே நெருக்கடியில் உயிர்நாடி. அதைக் கையிலுள்ள ரொக்கத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு, வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் வட்டிச் செலவைப் போல எத்தனை மடங்கு என்று வகுத்துப் பாருங்கள். இரண்டு மடங்குக்கும் கீழே இருந்தால் விற்பனையில் ஒரு மோசமான ஆண்டு போதும், வட்டி கட்டவே திணறும். லாபம் காட்டிக்கொண்டே இருக்கும் நிறுவனத்துக்குத் தொழிலிலிருந்து ரொக்கம் வரவில்லை என்றால், வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி ஆண்டுக்காண்டு பெருகுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். புரமோட்டர்கள், அதாவது நிறுவனத்தைத் தொடங்கி நடத்தும் முதன்மைப் பங்குதாரர்கள், தங்கள் பங்குகளை அடமானம் வைத்திருக்கும் அளவையும் பங்குச் சந்தையின் இணையதளத்தில் காணலாம். சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் கணக்கு மோசடிக்குப் பிறகு, 2009-ல்தான் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி அந்த விவரத்தை வெளியிடுவதைக் கட்டாயமாக்கியது.

சத்யம் என்ற பெயரை எடுத்ததால் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நான் மேலே அடுக்கிய சோதனைகளில் பெரும்பாலானவற்றை அந்நிறுவனம் எளிதாகத் தேறியிருக்கும். ஏட்டில் கடன் பெரிதாக இல்லை, ரொக்கம் நிறைய இருந்தது. அந்த ரொக்கமே பொய் என்று 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். பங்கு அன்று ஒரே நாளில் முக்கால் பங்குக்கும் மேல் மதிப்பிழந்தது. கணக்கைப் படிக்கத் தெரிந்த எங்களைப் போன்றவர்களே ஏமாந்த இடம் அது. ஆகவே நன்றாக ஆராய்ந்து தேர்ந்த நிறுவனமாக இருந்தாலும் மொத்தப் பணத்தில் ஐந்து சதவீதத்துக்கு மேல் ஒரே நிறுவனத்தில் போடாதீர்கள். இந்த அறிக்கைகளையெல்லாம் படிக்க நேரமில்லை என்றால், ஐம்பது பெரிய நிறுவனங்களைக் கொண்ட நிஃப்டி 50 குறியீட்டிலுள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைத்திருக்கும் குறியீட்டு நிதியை வாங்குவதில் எந்தக் குறைவும் இல்லை. நொடிந்துபோகும் நிறுவனங்கள் குறியீட்டிலிருந்து காலப்போக்கில் நீக்கப்பட்டு வேறு நிறுவனங்கள் உள்ளே வரும். அந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டியதில்லை.

முலுண்ட் வாசகி:

சரிவு வரும்வரை 14 லட்சத்தையும் வைத்துக்கொண்டு காத்திருப்பது என்ற திட்டத்தில் எனக்கு உடன்பாடில்லை. நானும் அப்படித்தான் காத்திருந்தேன். 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி 7,610-ல் முடிந்தது. அது 6,500-க்கு வரும்போது வாங்குவது என்று சமையலறை நாட்காட்டியில் எழுதி வைத்திருந்தேன். அது வரவேயில்லை. அந்த ஆண்டு நவம்பரிலேயே சந்தை பழைய உச்சத்தைத் திரும்பப் பிடித்துவிட்டது, 2021 ஜனவரியில் சென்செக்ஸ் 50,000-ஐத் தாண்டியது. என் பணம் சேமிப்புக் கணக்கில்தான் கிடந்தது. அடிமட்டம் எது என்பது அதைக் கடந்து மாதங்கள் போன பிறகுதான் தெரிகிறது.

இருபது ஆண்டு பொறுத்தால் எதுவும் மீளும் என்றும் நம்பிவிட வேண்டாம். ஜப்பானின் பங்குச் சந்தைக் குறியீடான நிக்கேய் 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை 2024 பிப்ரவரியில்தான் தாண்டியது. நம் சென்செக்ஸே 1992 ஏப்ரலில் 4,467-ல் இருந்து, பதினோரு ஆண்டுகள் கழித்து 2003-ல் 3,000-ஐ ஒட்டித்தான் இருந்தது. உச்சத்தில் மொத்தமாகப் போட்டவருக்குத்தான் இந்தத் துன்பம். இடைப்பட்ட ஆண்டுகளில் மாதாமாதம் வாங்கியவரின் சராசரி விலை வெகுவாகக் குறைந்திருக்கும்.

இன்னொன்று. நெருக்கடி என்றதும் எல்லோரும் பங்குகளையே பார்க்கிறோம். 2008 அக்டோபர் தொடக்கத்தில் ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 9 சதவீதம். 2009 ஏப்ரலில் அது 4.75 சதவீதம். அந்த அக்டோபரில் பல வங்கிகள் வைப்பு நிதிக்கு 10 சதவீதம் வரை தந்தன. என் மாமியார் அப்போது ஐந்தாண்டுக்குப் போட்ட வைப்பு நிதிதான் எங்கள் குடும்பத்தில் அந்த நெருக்கடியால் யாருக்காவது கிடைத்த ஒரே நல்ல முதலீடு. வட்டி உச்சத்தில் இருக்கும்போது நீண்ட காலத்துக்குப் போட்டு வைப்பதும் ஒரு வாய்ப்பே.

மாட்டுங்காவாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு இவற்றை என் தந்தையிடம் படித்துக் காட்டினேன். தரகு அலுவலகத்துத் தொலைபேசி அழைப்புகளைப் பற்றிய பகுதியை மட்டும் இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். பிறகு, அக்காவின் திருமணம் 2009 தை மாதத்துக்கு நிச்சயமாகியிருந்தது என்றும், மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் முன்பணம் கட்ட நவம்பர் 20 கடைசி நாள் என்றும் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் நான் அவரிடம் ஒருமுறையும் அதைக் கேட்டதில்லை.

என் பணத்தையும் இன்று அந்தக் கண்ணோடு பார்த்தேன். அம்மாவின் முழங்கால் அறுவைச் சிகிச்சை, மகளின் பள்ளிக் கட்டணம், ஆறு மாத வீட்டுச் செலவு என்று நாள் குறிக்கப்பட்ட தொகை மட்டுமே 6 லட்சம் ஆகிறது. அது வைப்பு நிதியிலேயே இருக்கும். மீதியுள்ள 8 லட்சத்தில் பாதியை அடுத்த மாதம் முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்து நிஃப்டி குறியீட்டு நிதியில் போடப் போகிறேன். மறுபாதியைச் சரிவுக்கென ஒதுக்கியிருக்கிறேன். ஆனால் எந்த விலையில் வாங்குவது என்று நாட்காட்டியில் எழுதப் போவதில்லை. சந்தை உச்சத்திலிருந்து ஒவ்வொரு பத்து சதவீதம் இறங்கும்போதும் ஒரு லட்சம் என்று நான்கு தவணைகளாக வாங்குவேன். கணக்காளர் அம்மா குறிப்பிட்ட விளக்கக் குறிப்புகளைப் படித்துப் பழக, அப்பாவின் பழைய நோட்டிலுள்ள பதினோரு நிறுவனங்களில் இன்றும் இயங்குபவற்றின் 2008-ஆம் ஆண்டு அறிக்கைகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவற்றில் ஐயம் எழுந்தால் இங்கேயே வந்து கேட்கிறேன்.