பத்து விதைக்கு இருபது: எங்கள் தெருவின் விதைப் பகிர்வில் நேர்ந்தவை

மன்னார்குடியிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் தெருவில் ஏழெட்டு வீடுகளில் மாடித்தோட்டம் இருக்கிறது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று, வீட்டுத் தேவைக்கு மிஞ்சிய காய், கீரை, விதை ஆகியவற்றை ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்து, வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்வதை நான்கு ஆண்டுகளாக நடத்திவருகிறோம். காய் கொடுப்பதில் ஒருநாளும் வம்பு வந்ததில்லை. வாங்கியவர் அன்றே குழம்பு வைத்து முடித்துவிடுவார். விதை கொடுத்ததில்தான் நான் தலைகுனிய நேர்ந்தது.

என் மாடியில் குடுவைச் சுரையும் நீட்டுச் சுரையும் ஒரே பந்தலில் படர்ந்திருந்தன. அழகான குடுவைக்காய் ஒன்றை முற்றவிட்டுக் காயவைத்து, அதன் விதைகளைப் பொட்டலம் கட்டி, மேலே ‘குடுவைச் சுரை’ என்று எழுதி 6 வீடுகளுக்குக் கொடுத்தேன். ஆடியில் விதைத்தார்கள். காய்த்தபோது சில கொடிகளில் குடுவை வந்தது. மற்றவற்றில் குடுவை என்றும் சொல்ல முடியாமல், நீட்டு என்றும் சொல்ல முடியாமல், கழுத்து தடித்த ஏதோ ஒன்று தொங்கியது. எதிர்வீட்டு அக்கா, “இதுக்கு என்ன பேர் தம்பி? வர்றவங்க எல்லாம் கேக்கறாங்க” என்றார். கேலியா, உண்மையான கேள்வியா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சுரையில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக மாலையில் மலர்கின்றன. பக்கத்துக் கொடியின் மகரந்தத்தைப் பூச்சிகள் கொண்டுவந்து சேர்த்துவிடுகின்றன. அப்படிக் கலந்தாலும் அந்த ஆண்டுக் காய் தாய்க்கொடியின் வடிவத்திலேயே இருக்கும்; கலப்பு விதைக்குள் ஒளிந்திருந்து அடுத்த ஆண்டுதான் வெளிப்படும் என்பதை நான் அறியாமல் போனேன். இப்போது, மறுநாள் மலரப்போகும் பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் முன்கூட்டியே துணியால் மூடி, மாலையில் என் கையாலேயே மகரந்தம் தொட்டுவைத்து, மீண்டும் மூடி, காம்பில் சிவப்பு நூல் கட்டிவிடுகிறேன். நூல் கட்டிய காய்தான் விதைக்கு; மற்றவை குழம்புக்கு. பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் தட்டைப்பயற்றுக்கு இந்தப் பாடு தேவையில்லை என்பதால், புதிதாகச் சேருபவர்களை அதிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில், பாரம்பரிய நெல் 2 கிலோ வாங்கிய விவசாயி அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது ஏற்பாடு. விதை பெருகுவதற்கான கணக்கு என்றே அதை நினைத்திருந்தேன். திரும்பி வரும் விதையைக் கையில் வாங்கிப் பார்க்கும்போதுதான் கொடுத்தவருக்கும் தன் விதையின் தரம் தெரிகிறது என்பது, சுரைக்காயால் அவமானப்பட்ட பிறகே எனக்கு உறைத்தது. அதனால் எங்கள் திண்ணையிலும் 10 விதை எடுத்தால் 20 திருப்பித் தருவது என்று வைத்துக்கொண்டோம்.

காரைக்குடியிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஐயா, இதே விதியை நாங்களும் வைத்து, ஓராண்டிலேயே கைவிட்டோம். நான் கொடுத்த கத்தரி விதைகள், செடியிலேயே மஞ்சளாகப் பழுக்கவிட்டு எடுத்து, அம்மா செய்வதுபோல் சாம்பலில் புரட்டி உலர்த்தியவை; நன்றாகவே முளைத்தன. ஆனால் மாவுப்பூச்சி தாக்கிச் செடியை இழந்த இரண்டு பெண்கள், திருப்பித் தர விதையில்லையே என்று கூசி, கூட்டத்திற்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். கடன்பட்டவர்போல் அவர்களைத் தெருவில் ஒதுங்கிப்போகச் செய்த விதி எனக்குப் பிடிக்கவில்லை. வீடு தேடிச் சென்று மீண்டும் அழைத்தும், ஒருவர்தான் வந்தார்.

மன்னார்குடி உறுப்பினர்:

அம்மா, எங்கள் தெருவிலும் இருவர் சில மாதங்களாக வரவில்லை. வெயில் காரணம் என்று எண்ணியிருந்தேன். இந்த ஞாயிறு விதைப் பொட்டலத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். பொட்டலத்தின் மேல் ‘20 திருப்பித் தரவும்’ என்று எழுதும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, ‘எப்படி வந்தது என்று சொல்லவும்’ என்று எழுதப்போகிறேன்.